சயனைடின் இரு தொழில்கள்: கோலார் தங்கமும் தோட்டத்து லில்லியும்

கோலார் தங்க வயலில் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் வெளிர்நிற மேடுகளை ஊரார் சயனைடு மேடுகள் என்பர். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மண் அது. மொத்தம் 3 கோடி டன்னுக்கும் மேல். அம்மேடுகளுக்குப் பெயர் தந்த வேதிப்பொருளுக்குச் சுரங்க வரலாறு மட்டுமன்று, தோட்டக்கலை வரலாறும் உண்டு. செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளைக் கொல்லவும் அதே நஞ்சுதான் பயன்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் ஓராண்டு இடைவெளியில் தொடங்குகின்றன. 1886-இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைப் பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. மெழுகுப் போர்வைக்குள் ஒட்டிக் கிடக்கும் அப்பூச்சியைத் தெளிப்பு மருந்துகளால் எளிதில் ஒழிக்க முடியவில்லை. டி. டபிள்யூ. கோகிலெட் மரத்தைக் கூடாரத் துணியால் மூடி, உள்ளே ஹைட்ரஜன் சயனைடு வாயுவைச் செலுத்தினார். 1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினர். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்த கோலார் சுரங்கங்களில் 1890களில் அம்முறை புகுந்தது.

அதே பத்தாண்டில் அமெரிக்கக் கண்ணாடிக்குடில்களில் பூச்செடிகளுக்கும் சயனைடுப் புகையூட்டல் பரவியது. அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சி ஆகியவை அதன் இலக்குகள். வெயிலில் இலை கருகும் என்பதால் இருட்டியபின் குடிலை அடைத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் பொட்டாசியம் சயனைடை இடுவர். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே அவ்வாயு தடுக்கும். பூச்சிக்கு நேர்வதே கவனம் தவறிய மனிதருக்கும் நேரும்.

ஆனால் லில்லியின் உண்மையான கேடு இம்முறைக்கு அகப்படவில்லை. நியூயார்க் சந்தைக்கு ஈஸ்டர் லில்லி அனுப்பிவந்த பெர்முடாத் தீவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே செடிகள் குறுகி, இலைகள் சுருண்டு வீணாயின. பூஞ்சை, சிலந்திப்பேன், கிழங்குத் தேர்வில் கவனக்குறைவு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. 1920களில் லாரன்ஸ் ஓகில்வி அங்கு ஆராய்ந்து, அது அசுவினி பரப்பும் வைரஸ் நோய் என நிறுவினார். சாறு குறைவதைவிட, சாற்றோடு கலக்கும் நோயே பெரிது என்பது அப்போது தெளிவாயிற்று. நோயேறிய கிழங்கு எந்தப் புகைக்கும் தேறாது. அதைப் பிடுங்கி அழிப்பதும் நலமான கிழங்கை நடுவதுமே வழியாயின.

புகையின் எல்லை வேறு வகையிலும் வெளிப்பட்டது. 1910களிலேயே கலிபோர்னியாவில் செதில்பூச்சிகள் சயனைடைத் தாங்கத் தொடங்கின. பஞ்சுச் செதில்பூச்சியையோ, ஆஸ்திரேலியாவிலிருந்து 1888-89-இல் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு அதற்கு முன்பே அடக்கியிருந்தது. நீலகிரியில் 1928-இல் அச்செதில்பூச்சி தென்பட்டபோதும் அவ்வண்டே வரவழைக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதில்பூச்சிக்காக 1898-இல் தென்னிந்தியாவுக்கு வந்த கிரிப்டோலேமஸ் வண்டு அப்பணியில் தோற்றது. ஆயினும் இங்கேயே நிலைத்து, மாவுப்பூச்சிகளின் எதிரியாக இன்றும் வளர்த்து விடப்படுகிறது. கோலார் மாவட்டம் அறிந்த முசுக்கொட்டையில் துக்ரா நோயை உண்டாக்கும் மாவுப்பூச்சியும் அதன் இரைகளுள் ஒன்று.

இதை அறிவின் நேர்க்கோட்டு வெற்றியாகக் கொள்வது பிழை. 1940களுக்குப் பின் தோட்டங்களில் சயனைடின் இடத்தைப் புதிய செயற்கை நஞ்சுகள் பிடித்தன. அவற்றையும் பூச்சிகள் தாங்கப் பழகின. எனினும் தோட்டத்தில் நஞ்சு பொய்த்தால் இழப்பு தோட்டக்காரரின் கணக்கில் உடனே விழுந்தது. மாற்றுவழி தேட அவருக்குக் காரணமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது.

கோலாரில் நஞ்சு பொய்க்கவில்லை என்பதே சிக்கல். அது தங்கத்தைத் தவறாமல் கரைத்தது. எஞ்சிய மண்ணின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன, மேடுகள் வளர்ந்துகொண்டேயிருந்தன. 28 பிப்ரவரி 2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வெயிலிலும் காற்றிலும் சயனைடு பெருமளவு சிதைந்துவிடும். நுண்ணிய பாறைத்தூள் சிதைவதில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழும் வீடுகளில் படிகிறது. இன்று அம்மேடுகள் மீண்டும் பேச்சுக்கு வருவது, அவற்றில் மிஞ்சியிருக்கும் தங்கத்துக்காகவே. ஒரு நஞ்சின் வரலாற்றை எழுதுவோர் அது எதைக் கொன்றது, எதைக் கரைத்தது என்பதோடு நில்லாமல், அதன் மிச்சத்தோடு வாழ்ந்தோருக்கு அதை நிறுத்தும் உரிமை இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.