பணியும் கல்விப் பேறும்

நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டன், முன்னர் ஜெகதளா என்னும் படுகர் ஊரின் பெயரால் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் படைவீடு எழுந்தபின் வெலிங்டன் கோமகனின் பெயரைப் பெற்றது. நாட்டுப் பிரிவினையையொட்டி 1947-இல் குவெட்டாவிலிருந்த படை அலுவலர் கல்லூரியின் இந்தியப் பகுதி இங்கு வந்தமைந்தது. இக்கல்லூரியில் பயிற்சியை நிறைவு செய்வோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பியலில் முதுகலைப் பட்டம் வழங்குகின்றது. படைப்பணி உயர்கல்விக்கு வழியாதல் இதனால் விளங்கும். படைக்கலம் ஏந்தாது இதே மலைநாட்டில் நோயாளர்க்குத் தொண்டு புரியும் அரசு மருத்துவர்க்கு அத்தகைய பேறு உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பணிக்குப் பேறளித்தல் தமிழகத்தில் தொன்மையான மரபாகும். கற்பிப்போர்க்குப் பட்டவிருத்தியாகவும், மருந்தளிப்போர்க்கு வைத்திய விருத்தியாகவும் நிலம் விடப்பட்டது. வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, ஒரே கோயிலைச் சார்ந்து வேதக் கல்லூரியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கியமையைக் கூறுகின்றது. ஆயினும் அக்காலத்தில் பணியாளர் பெற்ற விருத்தி நிலமும் நெல்லும் காசுமேயாம். கல்வியே விருத்தியாதல் இக்காலத்துப் புதுமை.

அப்புதுமையைத் தமிழ்நாட்டின் மருத்துவத் துறையிற் காணலாம். முதுகலை மருத்துவப் படிப்பில் மாநிலத்திற்குரிய இடங்களிற் பாதியை, அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்க்கு ஒதுக்குதல் இங்கு நெடுங்கால வழக்கமாக இருந்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2000-ஆம் ஆண்டு விதிகளோ வேறொரு முறையை வகுத்தன. தொலைவிடங்களிலும் இடர்மிகு இடங்களிலும் பணியாற்றியோர்க்கு, ஓராண்டிற்கு நூற்றுக்குப் பத்து என்ற அளவில், முப்பது விழுக்காட்டிற்கு மேற்படாமல் ஊக்க மதிப்பெண் சேர்க்க அவை இடமளித்தன.

இவ்விரு முறைகளும் ஒன்றோடொன்று மோதின. முதுகலைப் பட்டப் படிப்பிற்கு மேற்கூறிய விதிகளே முழுமையானவை, தனி ஒதுக்கீட்டிற்கு அவற்றில் இடமில்லை என 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனையொட்டி 2017-இல் தமிழ்நாட்டு முறையும் வழக்கிற்கு உள்ளாயிற்று. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்டு 31-ஆம் நாள் ஐவர் கொண்ட அரசமைப்பு அமர்வு இச்சிக்கலைத் தீர்த்தது. கல்வித் தரத்தை வரையறுத்தல் ஒன்று, சேர்க்கைக்குரிய வழியை வகுத்தல் மற்றொன்று. முன்னது மத்தியப் பட்டியலின் 66-ஆம் பதிவிற்குரியது. பின்னது பொதுப் பட்டியலின் 25-ஆம் பதிவின்பாற்பட்டு மாநிலத்திற்கும் உரியது. ஆதலின் பணி மருத்துவர்க்குத் தனி வழி அமைக்க மாநிலம் அதிகாரம் உடையது என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும்.

தேர்விற் பெற்ற மதிப்பெண்ணே தகுதிக்கு அளவாகாதோ என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நகரில் தங்கித் தேர்விற்கே ஆண்டு முழுதும் பயில்பவரும், மலையடுக்கில் இரவும் பகலும் நோயாளரைப் பார்த்தபின் நூலை விரிப்பவரும் ஒரே நிலையினின்று போட்டியிடுவதாகக் கொள்ளுதல் பொருந்துமோ? குறைந்த அளவுத் தகுதியைப் பணி மருத்துவரும் பெற்றே ஆகவேண்டுமாதலின், தரம் கைவிடப்படவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அத்தீர்ப்பின் பிறிதொரு கூறும் சிறப்பாகக் கருதத்தக்கது. இவ்வாறு பட்டம் பெறுவோர் மீண்டும் சிற்றூர், பழங்குடியினர் பகுதி, மலைப்பகுதி ஆகியவற்றிற் சில ஆண்டுகளேனும் பணியாற்றுமாறு உறுதிமுறி பெறவேண்டும் என நீதிமன்றம் அறிவுறுத்தியது. எனவே இப்பேறு கடந்த பணிக்குக் கைம்மாறாவதோடு, வரும் பணிக்கு முன்னீடுமாகும். விருத்தி நிலம் பெற்றவன் ஊரைவிட்டு நீங்கின், அந்நிலத்தால் ஊர்க்குப் பயனில்லை. அதுபோலக் கல்வி பெற்றவர் மலைக்கு மீளாராயின், ஒதுக்கீட்டின் நோக்கமே பழுதுபடும். அதன் வெற்றியை அளந்தறியத்தக்க இடம் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலன்று. மலையூரின் மருத்துவ நிலையமேயாகும்.