அத்தைப்பாட்டியின் எண்ணெய்

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்து எண்ணெய் வாசனை நினைவுக்கு வந்துவிடும்.

இந்திர விழா முடிந்த சமயம். கோவலன் ஊடலோடு இருக்கிறான். அவன் மனம் குளிர மாதவி அலங்காரம் செய்துகொள்கிறாள். இளங்கோவடிகள் கூந்தலுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறார். துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு. ஆக நாற்பத்தேழு சரக்குகள் ஊறிய நீர். வாசநெய் மணக்கும் கூந்தலை அதில் ஆட்டி, புகையில் உலர்த்தி, வகை வகையாகப் பிரித்துக் கஸ்தூரிக் குழம்பு ஊட்டுகிறார்கள். சிக்கு இருந்தால் வகை பிரிக்க முடியுமா? அந்த நெய்யின் வேலை அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்தேழும் எவை என்று உரையில் பட்டியல் இருக்கிறது. 1892-இல் உ.வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு நூலைப் பதிப்பித்தாரே, அந்தப் புண்ணியம். துவர் பத்தைப் பாருங்கள்: பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், இவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி. பூவந்தி என்றதும் பயப்பட வேண்டாம், நம் பூந்திக்கொட்டைதான். ராஜநகரத்து நாட்டியக்காரியின் ஒப்பனைச் சாமான்களில் பாதி, எங்கள் ஊர் நாட்டுமருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் சரக்கு!

எங்கள் வீட்டில் எண்ணெய் காய்ச்சுகிறவள் அத்தைப்பாட்டி. கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் செம்பருத்தி இலையும் அம்மியில் அரைத்துச் சாறு பிழிவாள். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயை இரும்பு வாணலியில் விட்டு, சாற்றையும் இடித்த நெல்லிக்காயையும் ஒரு பிடி வெந்தயத்தையும் சேர்த்து, விறகை இழுத்து இழுத்துத் தணலாக எரிப்பாள். அவசரப்பட்டால் கருகும், முன்னாலேயே இறக்கினால் தண்ணீர் தங்கி ஊசிப்போகும். சடசடப்பு அடங்கியதும் ஒரு திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவாள். திரி படபடத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம்.

சனிக்கிழமை இரவு என் தலை அவள் மடிக்குப் போகும். உச்சியிலிருந்து வாரவே மாட்டாள். "நுனியிலேருந்து வரணும்டீ குழந்தே, முடிச்சைக் கோவிச்சுண்டா அது இன்னும் இறுகிக்கும்" என்பாள். விரலில் எண்ணெய் தொட்டு இழை இழையாகப் பிரித்து, அதற்கும் மசியாத முடிச்சுக்குச் சிக்குக்கோலை எடுப்பாள். தேங்காயெண்ணெய் மயிரிழைக்குள்ளேயே ஊடுருவிப் புரதம் அழியாமல் காக்கிறது என்று 2003-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அத்தைப்பாட்டி அதைக் கேட்டிருந்தால், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று சிரித்திருப்பாள்.

அவளுக்குத் தலைமயிர் கிடையாது. ஒன்பது வயதில் கல்யாணம்; பதினோரு வயதில் எல்லாம் முடிந்தது. பெரியவளானதும் மழித்தார்கள். மாதம் ஒருமுறை விடியுமுன் நாவிதர் கொல்லை வழியாக வந்து போவார். அன்று முழுவதும் அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்தது; மழிக்கும் வழக்கத்தை அது தொடவில்லை. 1912-இல் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி பால விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கிப் படிக்க வைத்தார். எங்கள் அக்கிரகாரத்துக்கு அந்தச் செய்தி வரவில்லையா, வந்தும் யாரும் காது கொடுக்கவில்லையா, என்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமல் போயிற்று.

மாதவியின் கூந்தலும் நிலைக்கவில்லை. கோவலன் இறந்த செய்தி வந்ததும் மாலையோடு கூந்தலைக் களைந்து அவள் துறவு பூண்டாள் என்று நீர்ப்படைக் காதை சொல்கிறது. நாற்பத்தேழு சரக்கில் ஊறிய கூந்தலுக்கு அங்கே ஒரு வரிதான். ஆனால் மாதவி தானாகக் களைந்தாள். அத்தைப்பாட்டியை யாரும் கேட்கவில்லை.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "உங்களுக்கும் கொஞ்சம் தடவிவிடட்டுமா பாட்டி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அம்மா என்னை அதட்டினாள். அத்தைப்பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நார்மடி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் மிச்சமிருந்த எண்ணெயை என் பின்னலின் நுனியில் துடைத்துவிட்டு, விளக்கைத் தணித்தாள்.