எது மூலம்? மானேபஞ்ஜாங்கின் லேண்ட் ரோவர்களும் மாற்று டீசல் எஞ்சினும்

பழம்பொருள் ஒன்றைச் செப்பனிடுகையில் எந்தக் காலத்து வடிவத்திற்கு அதைத் திருப்புவது என்னும் கேள்வி, கோயில் திருப்பணி குறித்தும் சுவடிப் பதிப்பு குறித்தும் நம்மிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. உழைக்கும் வாகனங்களைப் பற்றி இக்கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பழைய பிக்கப் வண்டி ஒன்றில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தால், செப்பனிடுவோர் முதலில் செய்ய விரும்புவது அந்த டீசல் எஞ்சினைக் கழற்றி எறிவதைத்தான். மூலத்தை மீட்பதாக அவர்கள் கருதுகிறார்கள். அப்படிக் கழற்றப்படுவது வெறும் இரும்பா, ஓர் ஆவணமா என்பதே இப்பதிவின் பொருள்.

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்ஜாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. 'மானே' என்பது பௌத்த வழிபாட்டுக் கட்டுமானத்தையும், 'பஞ்ஜாங்' என்பது மலைகளுக்கிடையே வழி கூடும் கணவாயையும் குறிக்கும் நேபாளிச் சொற்கள். இங்கிருந்து சிங்கலிலா மலைமுகட்டின் வழியே 31 கிலோமீட்டர் ஏறினால் 3636 மீட்டர் உயரத்தில் சந்தக்பூ. அதுவே மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். கல் பாவிய அந்தச் செங்குத்துப் பாதையில் பல பத்தாண்டுகளாகப் பயணிகளையும் அரிசியையும் எரிவாயு உருளைகளையும் சுமந்து சென்றவை 1950களின் லேண்ட் ரோவர்கள். தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டுச் சென்றவை அவை. 2018இல் தன் 70ஆம் ஆண்டைக் கொண்டாடிய லேண்ட் ரோவர் நிறுவனம் இவ்வூரைத் தேடி வந்து படமெடுத்ததும் இவ்வண்டிகளுக்காகவே. ஆனால், அவற்றுள் பலவற்றின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஆங்கிலேய எஞ்சின் அன்று. மகிந்திரா ஜீப்பின் டீசல் எஞ்சின்.

இந்த மாற்றம் ஏன் நிகழ்ந்தது? முதற்காரணம் உதிரிப்பாகம். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர், ரோவர் காரிலிருந்து எடுக்கப்பட்ட 1595 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. பின்னர் 1997 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இந்தியாவில் இவ்வகை எஞ்சின்கள் உற்பத்தி செய்யப்படவில்லை. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதி உரிமக் கட்டுப்பாடும் சேர்ந்து, உடைந்த ஒரு வால்வுக்குக்கூட இங்கிலாந்தை எதிர்பார்க்க முடியாத நிலையை உருவாக்கின. உடல் நெடுங்காலம் நீடித்தது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் அலுமினியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்ட உடல் அது. மலை மழையிலும் எளிதில் துருவேறவில்லை. உடல் வாழ்ந்துகொண்டிருக்க, உள்ளே இருந்த எஞ்சின் முதலில் மடிந்தது.

இரண்டாவது காரணம் எரிபொருள் விலை. வேளாண்மைக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் உரிய எரிபொருள் என்பதால் டீசல் விலையை அரசு நெடுங்காலம் தாழ்வாகவே வைத்திருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் வண்டியை வாடகைக்கு ஓட்டுவது கட்டுப்படியாகாத தொழிலாயிற்று. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014இலும்தான் நீக்கப்பட்டன. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் நாடெங்கும் பட்டறைகளில் நிகழ்ந்த எஞ்சின் மாற்றங்களை இந்த விலை வேறுபாட்டைத் தவிர்த்துவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது.

மூன்றாவது காரணம், கைக்கெட்டும் தொலைவில் ஒரு மாற்று கிடைத்தது. வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று இந்தியாவில் செய்துவந்த மகிந்திரா நிறுவனம், பெட்ரோல் எஞ்சினிலிருந்து டீசலுக்கு மாறியபோது இரு மூலங்களை நாடியது. ஒன்று, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் மரபில் வந்த எஞ்சின். மற்றொன்று, பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்ற 2112 கன சென்டிமீட்டர் எஞ்சின். இந்த எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் சிறுநகரங்கள் தோறும் இருந்தன. பழைய உதிரிகள் கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற சந்தைகளில் கிடைத்தன.

எஞ்சினை மாற்றுவது ஒன்றைக் கழற்றி மற்றொன்றைத் திணிக்கும் வேலை அன்று. புதிய எஞ்சினின் பின்புறத் துளைகளும் பழைய கியர்பெட்டியின் முன்புறத் துளைகளும் பொருந்தா. இரண்டுக்கும் இடையே தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து பொருத்த வேண்டும். அத்தகட்டின் மையம் சற்றே விலகினாலும் கியர்பெட்டியின் உள்தண்டு ஆட்டம் கண்டு பேரிங் தேயும், கிளட்ச் அதிரும். எஞ்சின் தாங்கிகளைச் சட்டகத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். டீசல் எஞ்சின் எடை மிகுந்தது. முன்பக்க வில்தகடுகள் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உடைய வண்டியாதலால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் மோதாமல் இருக்க வேண்டும். புகைபோக்கிக் குழாய் திசைமாற்றித் தண்டுக்கு வழிவிட வேண்டும். தீப்பொறி இல்லாமல் அழுத்தத்தால் எரியும் எஞ்சின் என்பதால், அதைக் கிளப்பப் பெரிய பேட்டரியும் வலுவான ஸ்டார்ட்டரும் தேவை.

இவை அனைத்தும் கைகூடினால் பயன் தெளிவானது. சந்தக்பூவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். கார்புரேட்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின், காற்று குறையக் குறையப் பெட்ரோல் மிகுந்த கலவையை உறிஞ்சித் திணறும். டீசலும் ஆற்றலில் குறையும், கரும்புகை கக்கும். எனினும் குறைந்த சுழற்சியிலேயே அதன் முறுக்குவிசை கிடைப்பதால், ஆள் நடக்கும் வேகத்தில் கற்களின் மீது ஏறும் வண்டிக்கு அது ஏற்றதாகிறது. ஆகவே இம்மாற்றத்தை வறுமையின் ஒட்டுவேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பாதைக்கும் பயனுக்கும் ஏற்ற பொறியியல் முடிவு அது.

இவ்விடத்தில் ஒரு வமிசாவளியை நினைவுகூர வேண்டும். 1947இல் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஓடிய போர்க்கால வில்லிஸ் ஜீப்புக்கு மாற்றாக ஒரு வண்டியைச் செய்ய முனைந்தார். அதன் முதல் மாதிரி ஜீப்பின் சட்டகத்தின் மீதே ரோவர் எஞ்சினைப் பொருத்திச் செய்யப்பட்டது. அதாவது, முதல் லேண்ட் ரோவரே ஓர் எஞ்சின் மாற்றத்தில் பிறந்தது. அதே வில்லிஸ் ஜீப்பின் இந்தியக் கிளை பிரெஞ்சு எஞ்சினை ஏற்றது. இமயமலை அடிவாரப் பட்டறைகளில் ஜீப்பின் எஞ்சின் லேண்ட் ரோவருக்குள் திரும்பி வந்தது. லேண்ட் ரோவர் நிறுவனமும் 1957இல் தன் வண்டிகளுக்கு டீசல் எஞ்சினை அளிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வரலாற்றில் தூய மூலம் என்று எந்தப் புள்ளியைச் சுட்டுவது?

சட்டம் ஒரு புள்ளியைத் திட்டவட்டமாகச் சுட்டுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டபோது, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடக் கூடாது என்னும் விதி வலுப்பெற்றது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. 2021இன் பழம்பெரும் வாகன விதிகள் ஒருபடி மேலே சென்றன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது. அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. இவ்விதிகள் இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் கார்களுக்கும் மட்டுமே உரியவை; சரக்கு வகையில் பதிவான பிக்கப் வண்டிக்கு இதில் இடமே இல்லை.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். உழைத்த வண்டி மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. மாறாமல் இருந்தது பெரும்பாலும் உழைக்காத வண்டி, செல்வந்தர் கொட்டகையில் துணி போர்த்தி நின்ற வண்டி. மாறாமையை மட்டுமே மரபு என்று வரையறுக்கும்போது, உழைப்பின் வரலாறு மரபுப் பட்டியலிலிருந்து நீங்குகிறது. அரண்மனைக் கார் எஞ்சுகிறது. அரிசி சுமந்த வண்டி கழிவு இரும்பாகிறது.

பாதுகாப்புத் துறையின் கோட்பாடுகள் இவ்வளவு இறுக்கமானவை அல்ல. 1964இன் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான பங்களிப்புகளையும் மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குத் திருப்புவது நோக்கமாகாது என்கிறது. அதை அடியொற்றிப் பழைய வாகனங்களுக்கென உருவான டுரின் சாசனமும், வண்டி இயல்பாக உழைத்த காலத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சான்று, அவை காக்கப்பட வேண்டும் என்னும் கருத்தையே கொண்டுள்ளது.

மொழியியல் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. சன்னல், அலமாரி, மேசை ஆகிய சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. அவற்றை நீக்கிப் பழந்தமிழை மீட்டுவிட்டதாக ஒருவர் கருதலாம்; ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் தொடங்கிய ஒரு தொடர்பின் சான்று அதனோடு அழியும். கடன்சொல் மொழியின் குறைபாடன்று. யார் யாரோடு, எப்போது, எதற்காகப் பழகினர் என்பதன் பதிவு. மாற்று எஞ்சினும் அத்தகைய பதிவே. இறக்குமதிக் கட்டுப்பாடு, எண்ணெய் நெருக்கடி, டீசல் மானியம், உரிம உற்பத்தி, பட்டறைத் திறன் ஆகிய ஐந்தும் அந்த ஓர் இரும்புத் தகட்டில் படிந்திருக்கின்றன.

மறுப்புகளும் உண்டு, அவற்றை ஒதுக்குவது நேர்மையாகாது. சட்டகத்தை வெட்டி, அளவின்றிப் பற்றவைத்த மாற்றங்கள் உயிருக்கு ஆபத்தானவை. அவற்றை வரலாறு என்ற பெயரில் காக்க முடியாது. பழைய டீசலின் புகை, சிங்கலிலா தேசியப் பூங்கா போன்ற நுண்ணிய சூழலுக்குத் தீங்கு. மூல எஞ்சின்களுள் நல்லவையும் கழிவாகிப் போயின என்பதும் இழப்பே. ஆகவே எல்லா மாற்றங்களையும் காக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கழற்றுவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதே. பல பாடங்களை ஒப்பிட்டு, ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் தந்த சுவடிப் பதிப்பாசிரியர்களின் முறை இங்கும் பொருந்தும். பெட்ரோல் எஞ்சினை மீண்டும் பொருத்துவோர்கூட, நீக்கிய எஞ்சினின் எண்ணையும் இணைப்புத் தகட்டின் அளவையும் படத்தையும் குறித்து வைக்கலாம்.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தனித்தனியே எழுதப்படுகின்றன. இவ்விரண்டும் பிரிந்து பயணம் செய்த வழியைத் தொடர்ந்தாலே ஒரு வட்டாரத்தின் பொருளியல் வரலாறு கிடைக்கும். அந்தத் தகடுகளைக் கடைந்த மெக்கானிக்குகள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தவை எந்த நூலிலும் இல்லை; அவர்களுடைய பட்டறைச் சொற்களை எந்த அகராதியும் தொகுக்கவில்லை. வண்டிகளைக் காக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இத்தகைய மாற்றங்களைச் செய்தவர்களை அறிந்திருந்தால், எந்த வண்டியில் எந்த எஞ்சின், எந்தக் காலம் என்ற குறிப்புகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.