ரக்கல்ஸ்ஹவுஸ்: ரெண்டு தடவை கிடைச்ச நாற்காலி

வாட்டர்கேட் கதை படிச்சவங்களுக்கு வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் ஒரே ஒரு ராத்திரியோடதான் ஞாபகம் இருப்பார். 1973 அக்டோபர் 20. தன்னை விசாரிச்சுக்கிட்டிருந்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார் அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரல் மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த இடத்தில் இருந்த நம்மாளும் முடியாதுன்னுட்டார். பதவி போச்சு.

எனக்கு அதைவிட சுவாரஸ்யமாப் படுவது அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவர் பார்த்த வேலை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதல் தலைவர் அவர்தான்.

1970 டிசம்பரில் முகமை தொடங்கினப்போ வயசு 38. கொஞ்ச நாளிலேயே அட்லாண்டா, டெட்ராய்ட், கிளீவ்லாந்து மூணு நகரங்களுக்கும் நோட்டீஸ்: 180 நாளுக்குள்ள தண்ணியை அசுத்தப்படுத்தறதை நிறுத்தணும், இல்லேன்னா கோர்ட். கம்பெனிகளை விட்டுட்டு நகராட்சிகள் மேலயே முதல்ல கை வெச்சார் பாருங்க!

அப்புறம் டிடிடி. ஏழு மாசம் விசாரணை நடந்து, 1972 ஏப்ரலில் விசாரணை அதிகாரி தடை தேவையில்லைன்னு சொல்லிட்டார். ஜூனில் ரக்கல்ஸ்ஹவுஸ் அதை ஒதுக்கிட்டு பயிர்களுக்கு அடிக்கத் தடை போட்டார். இவராலதான் மலேரியாவில் லட்சக்கணக்கானவங்க செத்தாங்கன்னு இணையத்தில் எழுதறவங்க உண்டு. அபத்தம். தடை அமெரிக்காவுக்குள்ள மட்டும்தான். பொது சுகாதாரத்துக்கும் ஏற்றுமதிக்கும் விலக்கு இருந்தது. நம்ம நாட்டில் அதுக்கப்புறமும் பல வருஷம் கொசுவுக்கு டிடிடி அடிச்சாங்களே! முடிவு சரிதான். ஆனா கடைசியில் அது ஒரே ஆளோட முடிவு என்பதுதான் எனக்கு உறுத்தல்.

1983ல் கதை மாறுது. ரீகன் நியமிச்ச ஆன் கோர்சச், நச்சுக்கழிவு நிதி சம்பந்தமான கோப்புகளைத் தர மறுத்து, காங்கிரஸ் அவமதிப்புத் தீர்மானம் வாங்கி, மார்ச்சில் விலகினார். முகமை மேல யாருக்கும் நம்பிக்கை இல்லை. மரக் கம்பெனி ஒன்றில் துணைத் தலைவரா இருந்த ரக்கல்ஸ்ஹவுஸைத் திரும்பக் கூப்பிட்டாங்க. (மரக் கம்பெனிக்காரர் சுற்றுச்சூழலைக் காப்பாத்துவாரான்னு கேட்டவங்க இருந்தாங்க, நியாயமான கேள்விதான்.) வந்ததும் ஒரு சுற்றறிக்கை: இனி நாம கண்ணாடித் தொட்டிக்குள்ள மீன் மாதிரி வேலை செய்யணும். தான் யார் யாரைச் சந்திக்கிறேன்கிற பட்டியலையே வெளியிட ஏற்பாடு பண்ணார்.

அதே வருஷம் வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா பக்கத்து செம்பு உருக்காலை. புகையில் ஆர்சனிக். கட்டுப்பாட்டை இறுக்கினா ஆலையே மூடிரலாம், நூத்துக்கணக்கான வேலை போகும். விட்டா கேன்சர் ஆபத்து. இந்தத் தடவை தனியா முடிவெடுக்காம, ஊர்க்காரங்களுக்குக் கூட்டம் போட்டு, ஆபத்துக் கணக்கை எடுத்துச் சொல்லி, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டார். நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரை சீசரோட ஒப்பிட்டுத் திட்டியது. முடிவெடுக்க சம்பளம் வாங்கறவர் ஜனங்க தலையில் கட்டறாரேன்னு கோபம். நான் ரக்கல்ஸ்ஹவுஸ் கட்சி. அந்தப் புகையை சுவாசிச்சது நியூயார்க் பத்திரிகை ஆபீஸ் இல்லையே!

ஆனா ஊர் முடிவு சொல்ற நிலைமையே வரலை. செம்பு விலை படுத்ததில் கம்பெனியே 1985ல் உருக்காலையை மூடிருச்சு. புகைபோக்கியை 1993ல் வெடி வெச்சுத் தகர்த்தாங்க. சுத்துவட்டார வீட்டுத் தோட்டங்களில் ஆர்சனிக் படிஞ்ச மண்ணைத் தோண்டி எடுத்து மாத்தற வேலை அதுக்கப்புறமும் பல வருஷம் நடந்தது.