மூச்சோடு நுழையும் பூஞ்சை

பெரும்பாலான பூஞ்சைகளுக்குப் பாலூட்டிகளின் உடற்சூடு ஒத்துவராது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் அப்படியல்ல. மக்கும் இலைதழைக் குவியலின் வெப்பத்தில் வளர்ந்து பழகிய அது, 50 டிகிரி செல்சியசிலும் தாக்குப்பிடிக்கும். அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவே உள்ளதால் நுரையீரலின் காற்றறைவரை போய்விடுகின்றன.

அன்றாடம் எல்லாரும் சுவாசிக்கும் வித்துகள்தான் இவை. காற்றறையில் உள்ள விழுங்கணுக்கள் அவற்றை அழித்துவிடும். தப்பி முளைப்பவற்றை நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள் கொல்லும். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரிடம் இந்த வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது முளைத்த வித்து இழையாக நீண்டு ரத்தக்குழாயைத் துளைக்கும். ரத்த ஓட்டம் அடைபட்டு நுரையீரல் திசு மடியும். (நீண்ட மூக்குள்ள நாய்களுக்கு இதே பூஞ்சை மூக்கறையைத் தாக்குவதுண்டு.)

தொட்டி மண்ணிலும் இந்த வித்துகள் இருக்கும் என்பதால், இத்தகைய நோயாளிகளின் அறையில் செடி வைக்க மருத்துவர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.