வள்ளுவருக்குத் தேர் செய்த ஸ்தபதி

1976 ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டத்தைத் திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது. கட்ட வைத்த மு. கருணாநிதி அப்போது முதல்வர் இல்லை. நெருக்கடி நிலைக் காலம். அந்த ஆண்டு ஜனவரி கடைசி நாளில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. அரசியல் வரலாற்றில் இந்தக் காட்சி பலமுறை பேசப்பட்டுவிட்டது. அந்தக் கோட்டத்தின் கல் தேரை வடிவமைத்தவரைப் பற்றிய பேச்சு குறைவு.

அவர் வை. கணபதி ஸ்தபதி. 1927இல் பிள்ளையார்பட்டியில், குடவரைக் கோயில் இருக்கும் ஊரில், சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதி, மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிலையத்தின் முதல் தலைவர். மகன் கல்லூரியில் கணிதம் படித்தார். பழனிக் கோயிலில் ஸ்தபதியாக வேலை பார்த்தார். பிறகு தந்தையின் இடத்துக்கே வந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் மாமல்லபுரத்தில் மாணவர்களை உருவாக்கினார். உளி பிடித்த பரம்பரையில் கணிதப் பட்டம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவருடைய ஒவ்வொரு பெரிய வேலையிலும் அந்தக் கணக்குத் தெரிகிறது.

ஸ்தபதியின் தொழிலில் எல்லாமே அளவுதான். தெய்வத் திருமேனிக்கு முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று கொண்டு மற்ற உறுப்புகளைப் பிரிப்பார்கள். முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாளத்தில் உச்சி முதல் பாதம் வரை 124 பாகம். எந்தக் கையில் என்ன இருக்க வேண்டும், எந்த இடத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பதெல்லாம் நூலில் இருக்கும்.

வள்ளுவருக்கு எந்தச் சிற்ப நூலிலும் இலக்கணம் கிடையாது. 1960களில் அரசு ஏற்றுக்கொண்ட வேணுகோபால் சர்மாவின் ஓவியம் ஒன்றுதான் முன்மாதிரி. அதிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நினைவகம் கேட்டதோ பகுத்தறிவு பேசும் கட்சியின் அரசு. அதற்கு ஆகமமும் சிற்ப சாத்திரமும் அறிந்த ஒருவரைத்தான் அது நாடியது. கோயிலுக்கு வெளியே, ஆனால் கோயிலின் கணக்கில்: இரு தரப்பும் கண்ட சமரசம் அதுதான் என்று தோன்றுகிறது.

வள்ளுவர் கோட்டத்தில் அந்தச் சமரசம் தேராக வந்தது. திருவாரூர் ஆழித்தேரை மாதிரியாகக் கொண்டு ஏறத்தாழ 128 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். ஓடாமல் கிடந்த திருவாரூர்த் தேர் 1970இல் கருணாநிதி ஆட்சியில்தான் மறுபடி ஓடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கல் தேரின் கருவறையில் ஆளுயர வள்ளுவர் இருக்கிறார், பூசை கிடையாது. பக்கத்து அரங்கைச் சுற்றி 1,330 குறளும் கல்லில். இடமோ, முன்பு ஏரியாக இருந்து தூர்ந்த நிலம்.

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை வேலை இதைவிடக் கடினமானது. 1970இல் திறந்த விவேகானந்தர் மண்டபத்துக்குப் பக்கத்தில் சிறிய பாறை ஒன்று. நாலு பக்கமும் கடல். 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். பதினொரு ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. 1990இல் வேலை தொடங்கியது, அடுத்த ஜனவரியில் மறுபடி ஆட்சிக் கலைப்பு. 1996க்குப் பிறகுதான் பணி வேகம் பிடித்தது.

இங்கே ஸ்தபதி குறளின் அமைப்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். 133 அதிகாரம், 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம். அதன் மேல் பொருளும் இன்பமுமாக 95 அடிச் சிலை. உயர்த்திய வலக்கையில் மூன்று விரல், மூன்று பால். இடக்கையில் சுவடி. இடுப்பில் ஒரு மெல்லிய வளைவு, ஆடவல்லானை நினைவூட்டும்படி. இவ்வளவு உயரத்தில் கல்லை இப்படி வளைப்பது அழகுக்கு நல்லது, பாரத்துக்கு ஆகாது. எடை சரியாகக் கீழே இறங்க வேண்டும். அதற்கு ஏற்பத்தான் உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கினார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் கருங்கல் வந்தது. மொத்தம் 3,681 கற்கள், சுமார் 7,000 டன். பெரிய கல் ஒன்று மட்டுமே 15 டன் வரும். கரையில் செதுக்கிய கற்களைப் படகில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோய், சவுக்குக் கம்புகளில் சாரம் கட்டி மேலே தூக்கினார்கள். 2000 ஜனவரி 1 அன்று, இம்முறை முதல்வர் நாற்காலியில் இருந்தபடியே, கருணாநிதி திறந்து வைத்தார். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அலை பாறை மேல் ஏறி அடித்தது. சிலை அசையவில்லை.

ஸ்தபதியின் எல்லாக் கருத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாமுனி மயன்தான் தன் தொழிலின் மூலவர் என்பது அவர் உறுதி. மெக்சிகோவின் மாயர் கோயில்களை நேரில் அளந்து பார்த்து, இரண்டும் ஒரே மரபு என்று வாதாடினார். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. பெயர் ஒலிப்பிலும் அளவு ஒற்றுமையிலும் அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது. கல்லில் அவர் காட்டிய கறார் இந்த வாதத்தில் இல்லை.

அரசு வேலைகளுக்கு நேர்மாறான ஒன்று ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் நடந்தது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற அமெரிக்கத் துறவி சிவாய சுப்பிரமுனிய சுவாமி, அங்கே ஒரு சிவன் கோயில் கேட்டார். தேர்தலும் இல்லை, திறப்பு விழா அவசரமும் இல்லை. மின்கருவி கூடாது, உளியும் சுத்தியலும் மட்டும்தான் என்று முடிவாயிற்று. 1990இல் பெங்களூர் அருகே ஒரு சிற்பிகள் குடியிருப்பை அமைத்து வெள்ளைக் கருங்கல்லில் வேலையைத் தொடங்கினார்கள். செதுக்கிய கல் கப்பலேறிப் பசிபிக் கடலுக்குப் போயிற்று. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும், துருப்பிடிக்கும் இரும்பு எங்கும் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் அடித்தளத்துக்குக் கம்பி இல்லாத, நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட். அதை வகுத்துக் கொடுத்தவர் பெர்க்கிலிப் பேராசிரியர் பி. குமார் மேத்தா.

துறவி 2001இல் மறைந்தார். 2009இல் பத்ம பூஷண் பெற்ற ஸ்தபதி 2011 செப்டம்பரில் காலமானார். இறைவன் கோயில் என்று பெயர் பெற்ற அந்தக் கோயிலுக்கு, முதல் கல்லில் உளி பட்டு முப்பத்துமூன்று ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது.