தீர்ப்பு எட்டாத முகாம்கள்: படையில் தன்பாலீர்ப்பாளர் உரிமை

மலேசியாவின் பேராக் மாநில லகாட்டில் இருப்பவர்களுக்குப் படை தொலைவிலுள்ள ஒன்றல்ல. ஈப்போவில் சைட் புத்ரா முகாம் இருக்கிறது. கடற்படையின் முதன்மைத் தளம் இதே பேராக்கின் லூமுட்டில் இருக்கிறது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பிரிட்டிஷ் படையினர் இங்கே வந்து குவிந்தனர். அவர்களைக் கட்டுப்படுத்திய 1881ஆம் ஆண்டுப் படைச் சட்டம், ‘கொடூரமான, ஆபாசமான, இயற்கைக்கு மாறான’ இழிநடத்தையைக் குற்றமாக்கியிருந்தது. இன்னோர் ஆணை விரும்பிய சிப்பாயைத் தண்டிக்க இந்தச் சொற்களே போதும்.

சுதந்திர இந்தியா 1950இல் தனக்கென இயற்றிய இராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவிலும் அதே சொற்கள் அமர்ந்தன. தண்டனை ஏழாண்டுச் சிறைவரை போகலாம். ஆட்சி மாறியது, சொற்கள் மாறவில்லை.

பிரிட்டனிலேயே மாற்றம் தவணை தவணையாகத்தான் வந்தது. ஆண்களின் தன்பாலுறவு குற்றமல்ல என 1967இல் குடிமக்களுக்குக் கிடைத்த விடுதலை படையினருக்கு மறுக்கப்பட்டது. 1994இல் படைக்குள்ளும் அது குற்றமல்ல என்றானது. ஆனால் வேலையைவிட்டு நீக்கும் அதிகாரம் அப்படியே இருந்தது. விமானப்படைச் செவிலியர் ஜீனெட் ஸ்மித், கடற்படை அதிகாரி டங்கன் லஸ்டிக்-பிரீன் முதலியோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றனர். சக வீரர்களுக்குப் பிடிக்காது, படையின் ஒற்றுமை குலையும் என்று அரசு வாதிட்டது. பெரும்பான்மையினரின் வெறுப்பு, இன வெறுப்பைப் போலவே, உரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்று 1999 செப்டம்பரில் நீதிமன்றம் தீர்த்தது. இந்த வரலாற்றில் ஆக வலிமையான வாதம் இதுவே என்பேன். 2000 ஜனவரியில் தடை நீங்கியது. அமெரிக்கா 2011 செப்டம்பரில்தான் அந்த நிலையை எட்டியது.

இந்தியா இன்னும் நடுவழியில் நிற்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவான உறவை விடுவித்தது. நான்கே மாதத்தில், இராணுவத்தில் தன்பாலுறவை அனுமதிக்க மாட்டோம் என்றார் அன்றைய இராணுவத் தளபதி பிபின் ராவத். படை பழமை பேணுவது என்பது அவர் சொன்ன காரணம். அந்த நிலைப்பாட்டுக்குத் துணையாக அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு இருக்கிறது: படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சுருக்கலாம். பணியை விட்டபின் 2020இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட மேஜர் ஜே. சுரேஷின் வாழ்வைத் தழுவி இயக்குநர் ஓனிர் எழுதிய திரைக்கதைக்குக்கூட, 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தரவில்லை. நாட்டுக்காக உயிர் கொடுக்கத் தகுதி பெற்றவருக்குத் தன் கதையைத் திரையில் காணும் தகுதி இல்லாமற்போவது அநீதி.

மலேசியாவில் பொதுச் சட்டமே இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகளின்படி இருபதாண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 2021 பிப்ரவரியில், இயற்கைக்கு மாறான உறவைத் தண்டிக்கும் சிலாங்கூர் மாநில ஷரியா விதியொன்றைக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது உண்மை. ஆனால் அந்தக் குற்றம் கூட்டரசின் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே அதற்கு அடிப்படை. அண்டையிலுள்ள சிங்கப்பூரோ தன் 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவை அமைச்சர் கா. சண்முகம் முன்மொழிய, 2022 நவம்பரில் நிறைவேற்றியது. லூமுட்டில் பணியாற்றும் தன்பாலீர்ப்பாளர் ஒருவருக்கு இரண்டு சட்டங்கள் திருந்த வேண்டும்: முதலில் தண்டனைச் சட்டம், பிறகு படையின் ஒழுங்கு விதிகள். முதலாவது திருந்தினால் இரண்டாவது தானாக வராது என்பதற்கு பிரிட்டன் காத்திருந்த 33 ஆண்டுகளே சான்று.